சுத்திக்கிட்டே இருக்கிற பக்கம்

குரூப் 4 விண்ணப்பம் திறந்துவிட்டால் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள நெட் சென்டர்களில் நிற்க இடம் கிடைக்காது. செங்கம், போளூர், தண்டராம்பட்டு, கலசபாக்கம் என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். பெயர், முகவரி, படிப்பு, சான்றிதழ் எண் என்று தட்டுவது பெரிய வேலையே இல்லை. இழுத்தடிப்பது போட்டோ. டி.என்.பி.எஸ்.சி. கேட்கும் புகைப்படம் 20 முதல் 50 கே.பி.; கையெழுத்து 10 முதல் 20 கே.பி. செல்போனில் எடுத்த படமோ 4 எம்.பி. வரும். "அண்ணா, கொஞ்சம் கம்மி பண்ணிக் குடுங்க" என்று பிள்ளை கேட்க, கடைக்காரர் படத்தைச் சுருக்கித் தரும் ஏதோ ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, படத்தை இழுத்துப் போடுவார். அப்புறம் அந்த வழக்கமான வசனம்: "சுத்திக்கிட்டே இருக்கு தம்பி, எதையும் அமுக்காத."

எல்லாப் பக்கமும் அப்படிச் சுற்றுவதில்லை. கூகுள் நிறுவனத்தின் குரோம் குழு 2018 நவம்பரில் வெளியிட்ட ஸ்கூஷ் என்ற பக்கத்தில் அதே 4 எம்.பி. படத்தைப் போட்டுப் பார்க்கலாம். படம் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே தரத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை நகர்த்தலாம், பெரிதாக்கிப் பார்க்கலாம், வேண்டாமென்றால் மூடிவிடலாம். எதுவும் உறையாது. இத்தனைக்கும் அந்தப் படம் எந்த சர்வருக்கும் போவதில்லை, கடையிலுள்ள அதே பழைய கம்ப்யூட்டருக்குள்தான் சுருங்குகிறது. (ஆதார் நகலை முகம் தெரியாத தளங்களில் ஏற்றிச் சுருக்குகிறவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம்.)

ஒரே வேலை, ஒரே கம்ப்யூட்டர். ஒரு பக்கம் உறைகிறது, இன்னொன்று ஓடுகிறது. இரண்டாவது பக்கம் கனமான வேலையைத் தான் செய்யாமல், திரைக்குப் பின்னால் இருக்கும் வேறொருவரிடம் கொடுத்து வாங்குகிறது. அப்படிக் கொடுத்து வாங்கும் முறைக்கு ரிமோட் புரொசீஜர் கால், சுருக்கமாக ஆர்.பி.சி., என்று பெயர். அரை நூற்றாண்டு வயதான யோசனை. இன்று நம் செல்போனுக்குள் குடியிருக்கிறது.

பக்கம் உறைவது ஏன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இணையப் பக்கங்களை ஆட்டிவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995 மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில், பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதி முடித்தார். படிவத்தில் எதையாவது நிரப்ப மறந்தால் எச்சரிப்பது, பொத்தான்மேல் மவுஸ் போனால் நிறம் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்காகப் பிறந்த மொழி அது. அதனால் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வரிசை போதும் என்று வைத்தார்கள். நிரலை இயக்குவது, விசை அழுத்தத்துக்குப் பதில் சொல்வது, திரையை மீண்டும் வரைவது எல்லாமே ஒரே இழையில், ஒன்றன்பின் ஒன்றாக. பெரும்பாலான திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. படத்தைச் சுருக்கும் நிரல் 3 விநாடி எடுத்துக்கொண்டால், 180 முறை வரைய வேண்டிய திரை ஒருமுறைகூட வரையப்படாது. அந்த நேரத்தில் பொறுமையிழந்து அமுக்கிய ஐந்து கிளிக்குகளும் வரிசையில் காத்திருந்து, நிரல் முடிந்ததும் மொத்தமாக வந்து விழும். எதையும் அமுக்காதே என்று கடைக்காரர் சொன்னது சரிதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பக்கம் முழுக்க உறைந்திருக்கும்போதும் அந்த வளையம் மட்டும் சில பக்கங்களில் அழகாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதைச் சுழற்றுவது பிரவுசருக்குள் இருக்கும் வேறொரு பகுதி. ஜாவாஸ்கிரிப்ட் அடைபட்டுக் கிடந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். வளையம் சுற்றுகிறதே, ஏதோ நடக்கிறது என்று நாமும் நம்பிக்கொண்டிருப்போம்.

ஒரே இழை என்பது சோம்பேறித்தனமான முடிவு என்று சொல்ல முடியாது. இரண்டு இழைகள் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் மாற்றினால், ஒன்று நீக்கிய வரியை இன்னொன்று திருத்தப் பார்க்கும். அதைத் தடுக்கப் பூட்டு, பூட்டைத் திறக்க இன்னொருவர் காத்திருப்பது, இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்துத் தேங்கி நிற்பது என்று தொல்லைகள் வளரும். தேர்ந்த நிரலாளர்களே திணறும் இடம் இது. அதை உலகத்தின் எல்லா இணையப் பக்கங்களுக்கும் திறந்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், ஐக் செய்தது நல்லதாகவே படுகிறது.

ஆனால் பக்கங்கள் வளர்ந்தன. வரைபடம், மின்னஞ்சல், எழுத்துச் செயலி, விளையாட்டு எல்லாம் பிரவுசருக்குள் வந்தன. 2009-இல் ஃபயர்பாக்ஸ் 3.5, சஃபாரி 4 ஆகிய பதிப்புகளில் வெப் ஒர்க்கர் என்ற வசதி சேர்ந்தது. குரோமும் அடுத்து வந்தது. பக்கத்தின் இழைக்கு வெளியே, தனக்கென ஓர் இழையுடன் ஓடும் நிரல்தான் ஒர்க்கர். அதற்குக் கறாரான கட்டுப்பாடுகள் உண்டு. பக்கத்தில் இருக்கும் எதையும் அது தொட முடியாது. ஓர் எழுத்தைக்கூடத் திரையில் மாற்ற முடியாது. பக்கத்தின் மாறிகள் அதற்குத் தெரியாது. அதன் மாறிகள் பக்கத்துக்குத் தெரியா. இருவருக்கும் இடையில் இருப்பது ஒரே வழி: செய்தி அனுப்பலாம், வந்த செய்தியைப் படிக்கலாம்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது புதிதில்லை. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரை தயாராக இருக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் நீண்ட காடாத் துணித் திரியும் முன்கூட்டியே மேலே போய்விட்டன. தீபம் ஏற்றும் உரிமையுள்ள பர்வதராஜ குலத்தார் காத்திருக்கிறார்கள். கீழே கோயிலில் அர்த்தநாரீசுவரர், ஆண்டில் அந்த ஒரு நாள், சில நிமிடங்களுக்கு மட்டும் வெளியே வருகிறார். கொடிமரத்தின் முன்னால் அகண்ட தீபம் ஏற்றப்படுகிறது. மேலே மகாதீபம் எழுகிறது. கீழே இருப்பவர் மேலே போய்த் திரியைத் தொட வேண்டியதில்லை. மேலே இருப்பவருக்குச் சன்னதிக்குள் நடப்பது தெரிய வேண்டியதில்லை. ஏற்றலாம் என்ற ஒரு தகவல் மட்டும் போதும். வேலை எங்கே நடக்க வேண்டுமோ அங்கே நடக்கிறது.

உவமையை இதற்குமேல் இழுக்க முடியாது. மலைக்கு ஆண்டுக்கு ஒரு செய்தி, ஒரு பதில். எந்தப் பதில் எந்தச் செய்திக்கு என்ற குழப்பமே வராது. ஒர்க்கருக்கோ விநாடிக்கு நூறு செய்திகள் போகலாம். இரண்டாவதாகக் கேட்டதன் பதில் முதலில் வரலாம். ஒன்று தோற்றுப் போகலாம். சும்மா செய்தி அனுப்புவதற்கும் ஆர்.பி.சி.க்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது.

நம் மொழிக்குப் பயன்படும் ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். படத்திலிருக்கும் எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு எழுத்துகளாக மாற்றித் தரும் டெசரேக்ட் என்ற மென்பொருள் 1980-களில் ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனத்தில் பிறந்து, 2005-இல் திறந்த மூலமாக வெளியாகி, அப்புறம் கூகுள் ஆதரவில் வளர்ந்தது. தமிழையும் படிக்கும். அதைப் பிரவுசருக்குள்ளேயே ஓடும்படி மாற்றிய வடிவம் டெசரேக்ட்.ஜேஎஸ். சைவ எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தின் பழைய அச்சுப் பிரதி ஒன்று வீட்டுப் பரணில் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தை செல்போனில் படமெடுத்து, இந்த நிரலைப் பயன்படுத்தும் இணையப் பக்கத்தில் கொடுத்தால் என்ன நடக்கிறது?

இணையப் பக்கம் முதலில் ஓர் ஒர்க்கரை உருவாக்கி, மொழி தமிழ் என்று சொல்கிறது. தமிழுக்கான பயிற்சித் தரவுக் கோப்பை ஒர்க்கர் இறக்கி வைத்துக்கொள்கிறது. பிறகு பக்கத்தின் நிரலில் ஒரே வரி: இந்தப் படத்தைப் படி. எழுதியவருக்கு அது தன் நிரலிலேயே இருக்கும் ஒரு செயற்கூற்றை அழைத்ததுபோலத்தான் தெரியும். உள்ளே நடப்பது வேறு. அந்த வரி ஒரு பொட்டலமாகக் கட்டப்படுகிறது. அதில் எந்த ஒர்க்கருக்கு, என்ன வேலை, எந்தப் படம் என்பவற்றோடு இந்த அழைப்புக்கே உரிய ஓர் எண்ணும் இருக்கிறது. பக்கம் அந்த எண்ணைத் தன் பட்டியலில் குறித்துவைத்துக்கொண்டு, பொட்டலத்தை அனுப்பிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. ஒர்க்கர் பிரித்துப் பார்த்து, வேலையின் பெயருக்கேற்ற செயற்கூற்றை இயக்குகிறது. முடிந்ததும் அதே எண்ணைப் போட்டுப் பதில் அனுப்புகிறது. பதில் மூன்று வகை: முடிந்தது, தோற்றது, நடந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது வகையில்தான் எத்தனை சதவீதம் படித்தாயிற்று என்ற கணக்கு வருகிறது. உண்மையான முன்னேற்றத்தைக் காட்டும் பட்டைக்கும், சும்மா சுற்றும் வளையத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சின்னச் செய்திதான். பழைய அச்சு என்றால் ணை, லை, னை போன்றவற்றின் 1978-க்கு முந்தைய வடிவங்களில் பிழை மலிந்திருக்கும். பிழைதிருத்தத்துக்கு மனிதக் கண் வேண்டும். அந்த வேலையை ஒர்க்கரிடம் தள்ள முடியாது.

தொலைவில் நடக்கும் வேலையைப் பக்கத்தில் நடப்பதுபோல அழைக்கலாம் என்ற எண்ணம் பிரவுசருக்கு வெகு முன்பே வந்துவிட்டது. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் ஜேம்ஸ் ஒயிட் என்பவர் 1976-இல், ஆர்.எஃப்.சி. 707 என்ற ஆவணத்தில் இதை முன்வைத்தார். ஒவ்வொரு சேவைக்கும் புதிதாக ஒரு செய்திமுறையை வகுத்துக்கொண்டிருப்பதைவிட, நிரலாளருக்கு ஏற்கெனவே பழகிய அழைப்பு வடிவத்தையே வலையமைப்புக்கும் நீட்டிக்கலாமே என்பது அவர் வாதம். அதை முழுமையாகச் செய்து காட்டியவர்கள் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் ஆகிய இருவர். நம் ஊரில் நகல் கடைக்கே பெயராகிவிட்ட அதே ஜெராக்ஸ்தான். நெல்சன் 1981-இல் இதையே தலைப்பாக வைத்து முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியிருந்தார். 1984-இல் வந்த இருவரின் கட்டுரை இன்றைக்கும் படிக்கத் தகுந்தது.

அவர்கள் செய்த தந்திரம், அழைப்பவர் பக்கம் ஒன்றும் வேலை செய்பவர் பக்கம் ஒன்றுமாக ஸ்டப் என்ற இரண்டு இடைநிலை நிரல்களை நிறுத்தியது. அழைப்பவர் தன் பக்கத்து ஸ்டப்பைத்தான் உண்மையான செயற்கூறு என்று எண்ணி அழைக்கிறார். அது விவரங்களைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது. எதிர்ப்பக்கத்து ஸ்டப் அதைப் பிரித்து உண்மையான செயற்கூற்றை அழைத்து, விடையைத் திரும்பப் பொட்டலம் கட்டுகிறது. இந்த ஸ்டப்களை மனிதர் எழுத வேண்டியதில்லை; லூபின் என்று அவர்கள் பெயரிட்ட ஒரு நிரல் தானே எழுதித் தரும். டெசரேக்ட்.ஜேஎஸ் செய்வதும், கூகுள் 2015-இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஜிஆர்பிசி என்ற ஆர்.பி.சி. மென்பொருள் செய்வதும் அடிப்படையில் இதுதான்.

பிரவுசருக்குள் பின்னணி வேலை என்ற கதையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. வெப் ஒர்க்கர் வருவதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், 2007 மே மாதக் கடைசியில், கூகுள் நிறுவனம் கியர்ஸ் என்ற இணைப்பு நிரலை வெளியிட்டது. பிரவுசரோடு சேர்த்து நிறுவினால் மூன்று வசதிகள் கிடைக்கும்: பக்கங்களை உள்ளேயே சேமித்து வைப்பது, ஒரு சின்னத் தரவுத்தளம், ஒர்க்கர்பூல் என்ற பின்னணி வேலைக்கூடம். கியர்ஸ் வந்த சூட்டோடு அதைப் பிடித்துக்கொண்டவர்களில் சென்னையில் பொறியாளர்களை வைத்து இயங்கிய அட்வென்ட்நெட்டும் ஒன்று. இன்று தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறை வரை கிளை பரப்பி ஜோஹோ என்ற பெயரில் நாம் அறிந்த அதே நிறுவனம். அவர்களுடைய ஜோஹோ ரைட்டர் என்ற எழுத்துச் செயலியில் 2007 ஆகஸ்டில், இணைய இணைப்பு இல்லாமலே ஆவணத்தைப் படிக்க வழி வந்தது. நவம்பரில் திருத்தி எழுதவும் முடிந்தது. கூகுளின் சொந்த எழுத்துச் செயலியான கூகுள் டாக்ஸுக்கு, கூகுளே செய்த அந்தக் கியர்ஸைக் கொண்டு அதே வசதி வந்தது 2008 வசந்தத்தில்தான். கருவி செய்தவர்களைவிட முன்னால் அதைக் கையாண்டு காட்டினார்கள் சென்னைக்காரர்கள். கியர்ஸ் நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் வசதிகள் ஒவ்வொன்றாகப் பிரவுசர்களின் பொதுத் தரத்துக்குள் இடம் மாற, 2010-இல் கூகுள் அதன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. ஒர்க்கர்பூலின் அடிப்படை விதிகள் வெப் ஒர்க்கரில் அப்படியே தெரிகின்றன: எதையும் பகிராதே, செய்தி மட்டும் அனுப்பு.

செய்தி மட்டும் அனுப்பு என்று சொல்வது எளிது. எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் சலிப்பு தெரியும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், எண், பட்டியல், பிழை வந்தால் என்ன செய்வது என்ற தனிக்கணக்கு. பத்து வேலைகள் உள்ள ஒர்க்கரில் பாதி நிரல் பொட்டலம் கட்டிப் பிரிப்பதிலேயே போய்விடும். ஒர்க்கர் வந்து பல ஆண்டுகள் ஆகியும் பெரும்பாலான தளங்கள் அதைச் சீண்டாததற்கு இது ஒரு காரணம். இதைத் தீர்க்க, குரோம் குழுவில் இருந்த சுர்மா என்பவர் காம்லிங்க் என்ற நூலகத்தை எழுதினார். சுருக்கிய அளவு ஏறத்தாழ 1.1 கே.பி. டி.என்.பி.எஸ்.சி. ஏற்கும் மிகச் சிறிய கையெழுத்துப் படத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம்தான் கூட. ஸ்கூஷ் பக்கத்தில் பட்டை உறையாமல் நகர்வதற்குப் பின்னால் இருப்பது அதுவே.

காம்லிங்க் வேலை செய்யும் விதம் பிரெல்-நெல்சன் காட்டிய வழிதான், ஆனால் ஸ்டப்பை முன்கூட்டி எழுதித் தர லூபின் தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்டில் 2015-இல் சேர்ந்த பிராக்சி என்ற வசதியால், ஒரு பொருளின் எந்தப் பெயரைத் தொட்டாலும் நடுவில் மறித்துப் பிடிக்கலாம். பக்கம் அழைத்தால் அது அழை என்ற செய்தி. மதிப்பைக் கேட்டால் கொடு என்ற செய்தி. மாற்றினால் வை என்ற செய்தி. ஒவ்வொன்றுக்கும் தற்செயலாக உருவாக்கிய நீண்ட அடையாள எண். மறுமுனையில் ஒர்க்கர் தன்னிடம் உள்ள உண்மையான பொருளில் அதைச் செய்துவிட்டு விடையை அனுப்புகிறது. ஒர்க்கரின் தரப்பில் ஒரு வரி, இணையப் பக்கத்தின் தரப்பில் ஒரு வரி. அவ்வளவுதான் எழுத வேண்டும்.

இவ்வளவு வசதியாக இருப்பதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதை 1994-லேயே சொல்லிவிட்டார்கள். ஆர்.பி.சி.க்காக பிரெல்லுக்கும் நெல்சனுக்கும் ஏ.சி.எம். அமைப்பு மென்பொருள் விருது கொடுத்த அதே ஆண்டில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வகத்தில் ஜிம் வால்டோவும் மூன்று சகாக்களும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் பொருளையும் தொலைவில் இருக்கும் பொருளையும் ஒன்றுபோலக் காட்டுவது தவறு என்பது அதன் சாரம். தொலைவில் இருப்பதற்குப் பதில் வரத் தாமதமாகும். நினைவகத்தை நேரடியாகத் தொட முடியாது. பாதி வேலை நடந்து பாதி நடக்காமல் போகலாம். ஒரே நேரத்தில் பலர் கேட்பார்கள். இந்த நான்கையும் மறைத்துவிட்டால் நிரலாளர் அவற்றை மறந்துவிடுவார். மறந்தவர் எழுதும் நிரல் சோதனையில் ஓடும், கூட்டம் வந்த நாளில் படுத்துவிடும்.

வால்டோவின் பட்டியலை ஒர்க்கர்களோடு பொருத்திப் பார்த்தால் பெரும்பாலும் பொருந்துகிறது. ஒரே கம்ப்யூட்டருக்குள் என்பதால் கம்பி அறுந்துபோகாது. ஆனால் தொலைவு இருக்கிறது.

முதலில் நகலெடுக்கும் செலவு. 4 எம்.பி. படம் சுருக்கப்பட்ட நிலையில்தான் 4 எம்.பி. 12 மெகாபிக்சல் படத்தை விரித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் வீதம் 48 எம்.பி. ஆகிவிடும். சாதாரணமாகச் செய்தியில் வைத்து அனுப்பினால் பிரவுசர் அந்த 48 எம்.பி.யையும் நகலெடுத்து ஒர்க்கருக்குக் கொடுக்கும். பதில் வரும்போது இன்னொரு நகல். பக்கம் உறையக்கூடாது என்று ஒர்க்கரை வைத்துவிட்டு, நகலெடுப்பதிலேயே பக்கத்தை உறையவைத்த கதைகள் உண்டு. இதற்கு மாற்று, நகல் கொடுக்காமல் உரிமையையே கைமாற்றுவது. 2011-இல் குரோம் குழு ஒரு சோதனையை வெளியிட்டது: 32 எம்.பி. தரவை ஒர்க்கருக்கு அனுப்பித் திரும்பப் பெற நகல் முறையில் 302 மில்லி விநாடி, கைமாற்றினால் 6.6 மில்லி விநாடி. கைமாற்றியபின் அனுப்பியவரிடம் அது இருக்காது. எட்டிப் பார்த்தால் அளவு சுழியம் என்று வரும். ஒர்க்கரிடம் கொடுத்துவிட்ட படத்தைப் பக்கம் மீண்டும் வரையப் போய், திரை வெறுமையாகி விழிக்கும் புதியவர்கள் நிறைய.

நகலும் வேண்டாம், கைமாற்றும் வேண்டாம், நினைவகத்தையே பகிரலாம் என்ற மூன்றாவது வழியும் வந்தது. ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை 2018 ஜனவரியில் வெளிப்பட்டதும் எல்லாப் பிரவுசர்களும் அதை அவசரமாக மூடின. பிறகு கடும் நிபந்தனைகளோடு திரும்பி வந்திருக்கிறது. சாதாரணத் தளங்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

அடுத்தது, எத்தனை முறை பேசுகிறோம் என்பது. காம்லிங்க் மூலம் பெறப்பட்ட பொருளில் ஒரு மதிப்பைக் கேட்பதுகூட ஒரு போய்வரல். பத்தாயிரம் வரிகள் கொண்ட பட்டியலை வரிக்கு ஓர் அழைப்பாகக் கேட்கும் நிரல், ஒர்க்கரில்லாத பழைய நிரலைவிட மந்தமாக இருக்கும். பட்டியலை மொத்தமாக அனுப்பி மொத்தமாக விடை வாங்குவதுதான் முறை. இங்கே காம்லிங்குக்கு ஒரு பாராட்டு உரியது: எதைக் கேட்டாலும் அது உடனடி விடை தருவதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் அவெய்ட் என்ற சொல்லைப் போட்டுக் காத்திருந்தால்தான் விடை. மாறியின் மதிப்பைப் படிக்கக்கூட அவெய்ட் எழுத வேண்டியிருப்பது எரிச்சல்தான். ஆனால் அந்த எரிச்சல் வால்டோ கேட்டதைச் செய்கிறது. நிரலில் அந்தச் சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும், இது வேறு இடத்துக்குப் போய்வரும் வேலை என்று எழுதுகிறவர் கண்ணில் படுகிறது. 1980-களின் ஆர்.பி.சி. அமைப்புகள் இதைத்தான் மறைத்தன.

மூன்றாவது, பதில் வராமலே போவது. வேலையின் நடுவில் ஒர்க்கரை நிறுத்திவிட்டால், காத்திருக்கும் அழைப்புக்கு முடிந்தது என்றோ தோற்றது என்றோ எந்தத் தகவலும் வராது. பக்கம் காத்துக்கொண்டே இருக்கும். இத்தனை நேரத்துக்குள் வராவிட்டால் கைவிடு என்று காலக்கெடு வைப்பது எழுதுகிறவர் பொறுப்பு. சர்வீஸ் ஒர்க்கர் என்ற இன்னொரு வகையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும்.

சர்வீஸ் ஒர்க்கர் 2015 தொடக்கத்தில் குரோம் 40-ஆம் பதிப்போடு வந்தது. பக்கத்துக்கும் இணையத்துக்கும் இடையில் அது உட்கார்ந்திருக்கும். பக்கம் எதைக் கேட்டாலும் முதலில் அதனிடம்தான் போகும். இணைப்பு இல்லையென்றால் சேமித்து வைத்ததை எடுத்துக் கொடுக்கும். இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது ஃபிளிப்கார்ட். 2015-இல் செல்போனுக்கான தன் இணையதளத்தை மூடி, செயலியை மட்டும் நம்பியிருந்த நிறுவனம், அதே ஆண்டு நவம்பரில் சர்வீஸ் ஒர்க்கரைக் கொண்டு ஃபிளிப்கார்ட் லைட் என்ற புதிய தளத்தோடு திரும்பி வந்தது. குறைந்த நினைவகம் உள்ள போன், விட்டுவிட்டு வரும் சிக்னல் என்ற இந்தியச் சூழலுக்காகவே செய்த தளம் என்று உலகம் முழுக்க எடுத்துக்காட்டானது.

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கும்போது, போனில் கோடுகள் எல்லாம் நிறைந்திருந்தும் ஒரு படம்கூட ஏறாத நெரிசலை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள், குடிநீர், கழிப்பறை, மருத்துவ உதவி இருக்கும் இடங்களைக் காட்டும் ஒரு வழிகாட்டிப் பக்கத்தை இப்படிச் செய்தால், ஊருக்குள் நுழையும்போது ஒருமுறை திறந்தாலே போதும். பிறகு சிக்னல் இல்லாமலே அது வேலை செய்யும். புதிதாக ஏதாவது அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பக்கம் சர்வீஸ் ஒர்க்கரைக் கேட்பதும், இருந்தால் அது பதில் சொல்வதும் மேலே பார்த்த அதே எண்ணிட்ட பொட்டலங்கள் வழியாக.

ஆனால் இந்த ஒர்க்கர் நம் சொற்படி வாழ்வதில்லை. வேலையில்லாமல் 30 விநாடி இருந்தால் குரோம் அதை நிறுத்திவிடும். அடுத்த செய்தி வரும்போது புதிதாக எழுப்பும். அப்போது அதற்கு முந்தைய நினைவு எதுவும் இருக்காது. மாறியில் வைத்த கணக்கெல்லாம் போயிருக்கும். குரோம் நீட்சிகளுக்கான (எக்ஸ்டென்ஷன்) புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் 3, பின்னணிப் பக்கங்களை நீக்கிவிட்டு சர்வீஸ் ஒர்க்கரைக் கட்டாயமாக்கியபோது, பல ஆண்டுகளாக ஒழுங்காக ஓடிய நீட்சிகளை எழுதியவர்கள் இதில்தான் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் இருக்கிறது, எப்போதும் விழித்திருக்கிறது என்று எண்ணி எழுதிய நிரல், அரை நிமிடம் சும்மா இருந்தாலே மறதிக்கு ஆளானது. விடை எளிது, எழுதத்தான் கடினம்: மறக்கக்கூடாததை எல்லாம் மாறியில் வைக்காமல் தரவுத்தளத்தில் எழுதிவைக்க வேண்டும்.

இப்போது தளங்களுக்கு இதில் அக்கறை வர இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஒரு பொத்தானை அமுக்கியதிலிருந்து திரையில் மாற்றம் தெரியும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்ற அளவையை, 2024 மார்ச்சில் கூகுள் தன் முக்கிய தர அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்த்தது. 200 மில்லி விநாடிக்குள் என்றால் நல்லது. 500-ஐத் தாண்டினால் மோசம். தேடல் முடிவில் முன்னால் வர ஆசைப்படும் நிறுவனங்கள், கனமான வேலையை ஒர்க்கருக்குத் தள்ளுவதைப் பற்றித் திடீரென்று பேசத் தொடங்கியிருக்கின்றன. பதினைந்து ஆண்டாகக் கையில் இருந்த கருவி.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள், விண்டோஸ் கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தலாம். திறந்திருக்கும் டேப்களோடு, டெடிகேட்டட் ஒர்க்கர், சர்வீஸ் ஒர்க்கர் என்று தொடங்கும் வரிகளும் அந்தப் பட்டியலில் வரும். எது எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்ற கணக்கும் கூடவே இருக்கும். ஒவ்வொரு ஒர்க்கரும் தனக்கென ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொள்வதால், ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பதற்கே சில எம்.பி. செலவாகும். 4 ஜி.பி. நினைவகமுள்ள கம்ப்யூட்டரில் ஒரு தளம் தேவையில்லாமல் எட்டு ஒர்க்கர்களை உருவாக்கிவிட்டு மூட மறந்திருந்தால், அது அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும். அந்தத் தளத்தின் டேப்பை மூடினால் அதன் டெடிகேட்டட் ஒர்க்கர்களும் கூடவே போய்விடும்.